மெதுவாக ஏறட்டும்

ஜூன் 13, வெள்ளி

நாற்பத்தொரு விழுக்காட்டில் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

சமையலறைச் சன்னல் வழியாக வயரை வெளியே விட்டு மின்சாரக் காரில் சொருகி மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. சுவர் பிளக்கில் மணிக்கு ஐந்து விழுக்காடு ஏறும். விடிய விடிய விட்டிருந்தால் காலையில் நூறு. நூறோடு மலையிலிருந்து ஈப்போ நகரத்துக்கு இறங்கினால், அங்கே எங்கும் சார்ஜ் போடாமல் திரும்ப மலை ஏறி வந்துவிடலாம். வந்த பிறகும் மிச்சம் இருக்கும். போய்வர மொத்தச் செலவு பத்துப் பன்னிரண்டு மலேசிய வெள்ளி. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே போட்டுவிடும் கணக்கு இது. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் நான் நாற்பத்தொன்றில் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எஸ்டேட் அலுவலகக் கணக்குப்பிள்ளை, கிராணி நாகப்பன் காலையில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். "வாத்தியாரே, வாட்டர் ஹீட்டரையும் காடியையும் ஒண்ணா போடாதீங்க லா. லைன் முழுக்கக் கரண்டு போயிருது. ஒண்ணு குளிங்க, இல்ல காடி ஓட்டுங்க." அவருக்குப் பயந்துதான் பாதியில் பிடுங்குகிறேன் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

உண்மைக் காரணத்தை இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன். குறைவாகப் போனால்தான் ஈப்போவில் சார்ஜ் போட வேண்டிவரும். சார்ஜ் ஏறும்வரை சாந்தினி என்னோடு இருப்பாள்.

ஜூன் 14, சனி

கிளம்பும்போது 41. ஈப்போ போய்ச் சேரும்போது 25.

சாந்தினிக்குப் பத்து வயது. ஈப்போவில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், நாலு மணிக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். இது தாரணி வைத்த சட்டம். கோர்ட்டு, வக்கீல் எதுவும் இல்லை. அவள் சொன்னாள், நான் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே ஒன்றரை வருடம் போய்விட்டது.

மூன்றரைக்குப் பேரங்காடியின் கீழ்த்தளத்தில் காரைச் சொருகினேன். அங்கே இருப்பது பழைய மெஷின், ஆடி அசைந்து ஏற்றும். மலை ஏற நாற்பத்தைந்தாவது வேண்டும், கைகாவலுக்குப் பத்து. இரண்டு மணி நேரம் ஆகும். "சார்ஜ் ஏறுது, வர ஆறு மணி ஆயிரும்" என்று தாரணிக்குச் செய்தி அனுப்பினேன். வழக்கம்போல "சரி" என்று மட்டும் பதில் வந்தது.

சாப்பிடும்போதும் கடைக்குப் போகும்போதும் சாந்தினி பேசுவது வேறு. நின்றுகொண்டிருக்கும் காருக்குள் பேசுவது வேறு. இன்று பின்சீட்டில் என் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு, தன் சிநேகிதி ஒருத்தி பேசாமல் இருப்பதை ஆதியிலிருந்து அந்தம்வரை சொன்னாள். சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தபடியே என் தோளில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். தோள் மரத்துப்போனது. அசையவே இல்லை நான்.

அந்த மெஷினைச் செய்தவன் நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 18, புதன்

மழை. மூடுபனியில் பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து தேயிலைச் சரிவே தெரியவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

ஜூன் 20, வெள்ளி

மலைமேல் கம்போங் ராஜாவில் நூர்தீன் பாய் கடையில் பசியாறினேன். அவருக்கு என் கார் மேல் ஒரு கண். மூன்று வருடம் ஓடிய வண்டியை நான் கோலாலம்பூரில் போய் வாங்கி வந்த நாளிலிருந்து, வாரம் ஒரு கேள்வியாவது கேட்பார்.

"கீழ எறங்குறப்ப கரண்டு தானா ஏறுமாமே, நெசமா சார்?"

"நெசந்தான் பாய். பிரேக் பிடிக்கிறப்ப கொஞ்சம் திரும்பிவரும். முழுசா நிரப்பிட்டு எறங்கினா மட்டும் வராது. வாங்கிக்க எடம் இருக்கணுமே."

"ஒங்க காடி மலை எறங்குனா சம்பாதிக்குது. என் வேன் எறங்குனா பிரேக்கைத் தின்னுது. எல்லாம் வாத்தியார்மாருக்குத்தான் அமையுது!"

பெட்ரோல் கார் இருந்தபோது மாதம் இரண்டு தடவைதான் இறங்க முடிந்தது. டயர், எண்ணெய், பிரேக்கு என்று அது ஒரு பக்கம் தின்றது. இதில் எண்ணெய் மாற்றுகிற வேலை கிடையாது, பிரேக்குக் கட்டையும் தேயவில்லை. வாரா வாரம் போகலாம் என்று மனக்கணக்கு போட்டுத்தான் வாங்கினேன். சம்பாதிப்பது என்று பாய் எதைச் சொன்னாரோ, நான் சம்பாதித்தது சனிக்கிழமைகளை.

ஜூன் 28, சனி

போய்விட்டது. எல்லாம் போய்விட்டது.

கீழ்த்தளத்தில் பழைய மெஷினைக் காணோம். அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு புதியவை, பளபளவென்று. பக்கத்துக் காரிலிருந்து இறங்கிய சீனர் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். 24-இலிருந்து 58, இருபத்தைந்தே நிமிடம். சாந்தினி கைதட்டினாள். "சூப்பர்பா! நாலு மணிக்கே வீட்டுக்குப் போயிரலாம்!"

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். குழந்தைக்கு வேகம் பிடிக்கும்.

பழையதில் பத்து வெள்ளி ஆகும், இதில் பதினெட்டு. கூடக் கொடுத்து நேரத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்தேன். மலையடிவாரத்துச் சிம்பாங் பூலாய் தாண்டி ஏறும்போது மணி ஐந்துகூட ஆகவில்லை. வெளிச்சத்திலேயே குவார்ட்டர்ஸ் வந்து சேர்ந்து, அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

மெதுவாக ஏற்றும் பழைய மெஷின்தான் வேண்டும் என்று பாயிடம் சொன்னேன், ஏன் என்று சொல்லாமல். சிரித்தார். "ஊருல எல்லாரும் சீக்கிரம் ஆகணும்னு கேக்குறான். நீங்க ஒரு ஆளுதான் சார் லேட்டாகணும்னு கேக்குறீங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தார். குடித்த தே தாரேக் டீக்குக் காசு வாங்கவில்லை.

ஜூலை 5, சனி

ஈப்போவின் அந்தக் கோடியில் ஒரு ஹோட்டலில் பழைய மாதிரி மெஷின் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். கிளம்பும்போதே 36. மலை இறக்கத்தில் கொஞ்சம் ஏறியது, சமவெளி அதைத் தின்றுவிட்டது. சேரும்போது 20.

சொருகிவிட்டு உட்கார்ந்தோம். சாந்தினி பேசவில்லை. முன்சீட்டில் வந்து உட்கார்ந்து திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதினாள்.

"பா, எறங்க பதினாறு. ஏற நாப்பத்தஞ்சு. மொத்தம் அறுபத்தொண்ணு. மேலயே நூறு போட்டுட்டு வந்தா இங்க போடவே வேணாமே?"

"முழுசா போட்டுட்டு மலை எறங்கக் கூடாதும்மா. பிரேக்குல வர்ற கரண்டை வாங்கிக்க எடம் இருக்காது."

"அப்ப தொண்ணூறு போடலாம். இல்ல எண்பது. ஏன் முப்பத்தாறு?"

மேலே கரண்டு சரியில்லை என்றேன். கிராணி திட்டுகிறார் என்றேன். அவள் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். எனக்குத் தெரிந்த பார்வை அது. அவள் அம்மாவுடையது.

என் பிள்ளை கணக்கில் கெட்டி. வேறு நாளாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

ஜூலை 6, ஞாயிறு

தாரணி போன் செய்தாள். அவளாகப் போன் செய்து எத்தனை மாதம் ஆயிற்று! பெயரைத் திரையில் பார்த்ததும் ஒரு கணம் வேறென்னவோ நினைத்துவிட்டேன், மடையன்.

"சாந்தினி நோட்டைக் காட்டுனா. வேணும்னேதான் கொறைச்சுப் போட்டுட்டு வர்றீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "இல்ல, அது வந்து, மேல கரண்டு..." என்று ஆரம்பித்தேன்.

"என்கிட்ட சொல்லாம செய்யிறது ஒங்களுக்குப் பழக்கம். புள்ளைகிட்டயும் ஆரம்பிச்சுட்டீங்களா? ஆறு மணி வரைக்கும் வேணும்னு கேட்டா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்த லெட்டரும் இப்படித்தான். கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்."

வைத்துவிட்டாள்.

அந்த லெட்டர். எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஈப்போவுக்கு எனக்கு மாற்றல் கிடைத்தது. மூன்று வருடம் காத்திருந்து கிடைத்தது. தலைமையாசிரியை பரமேஸ்வரி டீச்சர் கூப்பிட்டு, "நீங்களும் போய்ட்டா ஆறாம் ஆண்டுக்குக் கணக்கு எடுக்க ஆளில்ல சார், ஒரு வருஷம் மட்டும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதுதான் நிஜம். அன்றைக்கே மாற்றல் வேண்டாம் என்று லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளி மூன்று வாரம் ஓட்டினேன். நான்காவது வாரம் ஒரு கல்யாணத்தில் வேறொரு டீச்சர் வாயால் தாரணிக்குத் தெரிந்தது. வரப்போகும் எனக்காக ஈப்போ வீட்டு அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தவள் அவள்.

நான் இங்கே தங்கியதை அவள் மன்னித்திருப்பாள். சொல்லாததைத்தான் மன்னிக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு காரும் ஒரு பத்து வயதுப் பிள்ளையும் தேவைப்பட்டிருக்கிறது.

ஜூலை 12, சனி

போகவில்லை. "இந்த வாரம் வேணாம்" என்று தாரணியிடமிருந்து செய்தி. கார் மழையில் நிற்கிறது, 34.

ஜூலை 15, செவ்வாய்

மாற்றல் விண்ணப்பம் திறந்திருக்கிறது. ஆபீசில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். பெயர் உதயன், பணியாற்றிய ஆண்டுகள் பதினாறு, காரணம் குடும்பம். விரும்பும் இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஈப்போ என்று எழுத ஆசைதான். அதைத் தவிர வேறு ஆசை கிடையாது. ஆனால் தாரணியைக் கேட்காமல் இங்கே தங்கியதற்குத்தான் இவ்வளவும். கேட்காமல் வந்து நிற்பதும் அதே தப்புத்தானே?

அனுப்பவில்லை. அச்செடுத்து வைத்திருக்கிறேன். பரமேஸ்வரி டீச்சரிடம் மட்டும் இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "போங்க சார், ரொம்ப நாளாயிருச்சு" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

நேற்றிலிருந்து கார் சார்ஜில் கிடக்கிறது. வாட்டர் ஹீட்டரைத் தொடவில்லை. இந்தக் குளிரில் இன்று பச்சைத் தண்ணீரில் குளித்தேன். என் அலறலைக் கேட்டு நாகப்பன் கதவைத் தட்டிவிட்டார். "ஹீட்டரைப் போட்டுக் குளிங்க வாத்தியாரே! காடி ஒரு மணி நேரம் காத்திருக்காதா?"

காத்திருக்காது என்றேன்.

ஜூலை 19, சனி, காலை

நூறு. கிளம்புகிறேன். "நாலு மணிக்கு மேல வேண்டாம்" என்று நேற்றே தாரணி சொல்லிவிட்டாள். சரி என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று இறங்கும்போது முதல் சில மைலுக்குக் கார் மின்சாரத்தை வாங்கவே மறுத்தது. காலால் பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் வந்தேன். சாந்தினியிடம் நான் சொன்ன பொய்யில் அந்தக் கால்வாசி மட்டும் உண்மை. சேரும்போது 82.

காரில் ஏறியதும் அவள் முதலில் திரையைத்தான் பார்த்தாள். நானே சொன்னேன். "ஒன்கூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும்னுதான்மா அப்பா கொறைச்சுப் போட்டுட்டு வந்தேன். தப்பு." அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து, "எனக்கும் அந்தப் பழைய மெஷின்தான் பிடிக்கும்" என்றாள். அதன் பிறகு நாள் முழுக்க வாய் ஓயவில்லை.

சரியாக நாலுக்கு வீட்டு வாசல். தாரணி கேட் அருகே வந்து நின்றாள்.

"எவ்வளவு இருக்கு?"

"எழுபத்தொம்பது."

"ஏறப் போதுமா?"

"போதும். மிச்சமே இருக்கும். அன்னைக்குப் போன்லயும் பொய் சொன்னேன் தாரணி. நீ கேட்டது சரி. வேணும்னேதான் செஞ்சேன்."

விண்ணப்பத்தை நீட்டினேன். "அனுப்பல. ஒன்னைக் கேட்டுட்டு எழுதலாம்னு அந்தக் கட்டத்தைக் காலியா வச்சிருக்கேன். வேணாம்னு நீ சொன்னா கிழிச்சுப் போட்டுர்றேன்."

நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிளம்புவதா நிற்பதா என்று தெரியவில்லை. பிள்ளையின் கையை விடுவித்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

அப்போது தாரணி வெளியே வந்தாள். கையில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் கிடக்கும் நீள வயர், சுருட்டியபடி.

"காடிய போர்ச்சுக்குள்ள ஏத்துங்க. மழை வர்ற மாதிரி இருக்கு."

"தாரணி, அதுல சார்ஜ் நெறைய..."

"தெரியும். கணக்கு எனக்கும் வரும். போடுங்க."

போட்டேன். இன்னும் நாலேகால் மணி நேரம் என்று திரையில் வந்தது. சாந்தினி குதித்தாள். "இதான்மா ஈப்போலயே ரொம்ப ஸ்லோ!" தாரணி சிரிக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதனால் சரியாகத் தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

விண்ணப்பத்தைப் பற்றி இதுவரை பேச்சில்லை. இப்போது காலை ஏழரை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அடுப்படியில் தோசைக்கல் சத்தம். சோபாவில் படுத்ததில் இடுப்பு பிடித்திருக்கிறது. போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று எட்டேகாலுக்கே நூறாகிவிட்டது. யாரும் பிடுங்கவில்லை.