திட்டுவதற்கு ஓர் ஆள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

பல்கலைக்கழக இணையதளத்துக்கு எந்த மென்பொருள் என்று இன்று கூட்டம். இலவசமானதே போதும், அறிவிப்புகளை அந்தந்தத் துறையே ஏற்றிக்கொள்ளலாம் என்று விளக்கினேன். தற்காலிக வேலைக்காரன் நான். இது தேறினால் வேலை நீளும் என்று ஒரு நப்பாசை.

பதிவாளர் ஒன்றுதான் கேட்டார். "சைட்டு படுத்துக்கிச்சின்னா யாருக்குப்பா போன் பண்றது?"

"கம்பெனின்னு ஒண்ணும் இல்ல சார். உலகம் பூரா சேர்ந்து எழுதினது."

"உலகத்தையே திட்ட முடியுமா? இப்ப கீற கம்பெனிக்காரன் ஒண்ணும் செய்ய மாட்டான். ஆனா திட்டினா கேட்டுக்குவான். மனசு ஆறிடும். திட்ட ஒரு ஆளு வேணாமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாலையில் ஆணை வந்தது. இலவச மென்பொருளே தேர்வு. எனக்கு ஓராண்டு நீட்டிப்பு. புதிய பதவி, திட்ட அலுவலர்.

ரயில் வேப்பம்பட்டு தாண்டுவதற்குள் பதிவாளரிடமிருந்து போன். "இன்னாப்பா, சைட்டு சுத்திக்கினே கீது?"

"அது பழைய கம்பெனி சைட்டு சார். புதுசை நான் இன்னும் தொடவே இல்ல."

"இருக்கட்டும்பா. திட்ட அலுவலர்னு ஆர்டர்லயே போட்டுக்கீதே."

ஆவடி வரை கேட்டுக்கொண்டே வந்தேன். அவருக்கு மனசு ஆறிவிட்டது.