நாலாவது பெட்டியில் ஒரு புள்ளடி

பியர்பொன்ட்ஸ், மொன்ட்ரியால்
ஒக்டோபர் 19

அன்பு மகள் வினோஜாவுக்கு அப்பா எழுதுவது,

நீயும் மருமகன் றெக்ஸும் மெல்பேர்ணில் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். அடுத்த வரியில் நானும் இங்கு சுகம் என்று எழுதுவதுதான் என் வழக்கம், இன்றைக்கு அதை எழுதவில்லை. பயந்துவிடாதே, முழுவதையும் வாசி. போனில் உன் குரலைக் கேட்டதும் நல்லா இருக்கிறன் என்று தானாக வாயில் வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

நுரையீரல் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரி தரும் மருந்தோடு, சைனா டவுன் வைத்தியர் அம்மாவின் கஷாயத்தையும் குடிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி டொக்டர் மருந்துப் பொதியைப் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் குடிக்கிறேன், அந்தப் பிரசங்கத்தை மறுபடி தொடங்காதே. கொதிக்க வைத்தால் நனைந்த சாக்கு மணம், உன் அம்மா உயிரோடு இருந்தால் என்னையும் சட்டியையும் சேர்த்து வெளியே விட்டிருப்பாள். இது கட்டியைக் கரைக்காது, நாலு வாய் சாப்பிட முடிந்தால் போதும் என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லிவிட்டா. மூன்று விரலை என் மணிக்கட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு கைக்கும் ஐந்து நிமிடம் நாடி பார்ப்பா. உண்மையைச் சொன்னால் பஸ்சும் மெட்ரோவுமாக ஒன்றரை மணி நேரம் மூச்சிரைக்கப் போவது அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான். உன் அம்மா போன பிறகு என் கையை வேறு யாரும் பிடித்ததில்லை.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். சீன மருந்தும் எடுக்கும் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறதென்று ஆஸ்பத்திரியில் ஆராய்கிறார்கள், மாதம் ஒரு தாள் தருவார்கள். நோகிறதா, மூச்சு முட்டுகிறதா, நித்திரை குழம்புகிறதா என்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், அதிகம், மிக அதிகம் என்று நாலு பெட்டி, பொருந்துகிற பெட்டிக்குள் பேனையால் ஒரு புள்ளடி கீற வேண்டும். ஆறு மாதமாக எல்லாவற்றுக்கும் இல்லை என்றே புள்ளடி போட்டேன். சுகமா என்று யாரும் கேட்டால் ஓம், சுகம் என்று சொல்லியே வளர்ந்த ஆட்கள் நாங்கள், மாதாமாதம் தாளை நீட்டி மரியாதையாகக் கேட்கிற வெள்ளைக்காரப் பிள்ளையிடம் முறைப்பாடு சொல்லலாமா? போன கிழமை அவள் லீவு, தாளைக் கொண்டுவந்தது பிரியந்தி என்ற எங்கள் தமிழ்த் தாதிப் பிள்ளை. வாசலிலிருந்து கதிரைக்கு வருவதற்குள் நான் இரண்டு தரம் நின்று மூச்செடுத்ததைப் பார்த்திருக்கிறாள். பிறகும் நான் இல்லை என்று போட, அங்கிள், உங்கட தாளைப் பாத்துத்தான் டொக்டர் நோவு மருந்தைக் கூட்டேல்லை, வீட்டுக்கு நேர்ஸும் அனுப்பேல்லை, இது சோதனை இல்லை, உள்ளதைப் போடுங்கோ என்று சத்தம் போடாத குறையாகச் சொன்னாள். என் பொய்யெல்லாம் கஷாயத்துக்குப் புகழாகப் போயிருக்குமே என்று நினைக்கச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. புதுத் தாளில் உள்ளதை உள்ளபடி போட்டேன். மருந்தைக் கூட்டிவிட்டார்கள், செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வருகிறா, நோவு குறைந்திருக்கிறது.

கடைசிக் கேள்வி தனிமையாக இருக்கிறதா என்பது. முதலில் பேனை பழக்கத்தில் இல்லை என்ற பெட்டிக்கே போனது. பிறகு நாலாவது பெட்டியில் புள்ளடி போட்டேன். பிரியந்தி தாளை வாங்கி மற்றத் தாள்களுக்கு மேலே வைத்தாள்.

போன புரட்டாதியில் போன் எடுத்தபோது, நான் அங்கே வரட்டே அப்பா என்று கேட்டாய். புது வேலை, லீவைக் கெடுக்காதே, எனக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். அதுவும் அந்தப் பழைய தாள்களைப் போலத்தான், பிள்ளை.

றெக்ஸோடு கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும். உன் பழைய குளிர் ஜக்கெற்றை நேற்று அலுமாரியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது, அங்கே புதிது வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது அந்தப் புரட்டாதிக் கேள்வியை இன்னொரு தரம் கேள். ஓம் என்று சொல்லுகிறேன்.

உன் அப்பா
உருத்திரமூர்த்தி