மலை இல்லாத இடங்கள்

ஜன. 5, திங்கள்

காலையில் வெயில். பத்து மணிக்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. துணி காயவில்லை.

பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் லயம், அந்த வீட்டு வரிசை மொத்தமும், மண்சரிவுக்குள் போனதிலிருந்து தப்பின ஆட்கள் எல்லாம் அங்கேதான் தங்கியிருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் முன்பள்ளியும் பூட்டு. ஆக, தர்ஷினிக்கு இப்போது நான்தான் டீச்சர். மகள் ஆறாம் வகுப்பு, வாய் பத்தாம் வகுப்பு.

பாடம்: உலகத்தின் சூழல் வலயங்கள். எங்கே என்ன மழை, என்ன செடி, என்ன பிராணி. புத்தகம் கொஞ்சம், கைவேலை நிறைய.

பாலைவனம் – ஜாம் போத்தல், மணல், கள்ளி (ஸ்டேஷன் ரோட்டு வீட்டில் கேட்கணும்)
புல்வெளி – தட்டில் குரக்கன் (கேழ்வரகு) விதை முளைக்க வைப்பது
கடல் – உப்பு, துணிக்குப் போடும் நீலம்
துந்திரா – ஐஸ். அதற்கு எங்கே போக? பார்ப்போம்
மொனராகலைக்கு பஸ்ஸில் ஒரு நாள், வரண்ட காடு காட்ட (தர்ஷினி அப்பா லீவு எடுத்தால்)

எழுதிவிட்டுப் பார்த்தால் மலைக்காடு இல்லை. வாசலைத் திறந்தால் தெரிவதை விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன். மழைச் சத்தம் கேட்டாலே பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாள். நாலு வாரமாவது மலை இல்லாத இடமாகச் சுற்றட்டும். எனக்கும் அது வேணும்.

ஜன. 6, செவ்வாய்

பண்டாரவளை. பஸ்ஸில் நின்றே போனேன். பழைய புத்தகக் கடையில் அட்டை போன உலகப்படம் ஒன்று, விலங்குப் புத்தகம் ஒன்று. கடைக்கார நானா கட்டிக் கொடுத்துக்கொண்டே, "என்ன டீச்சர், புள்ளைய வீட்லயே வச்சு டொக்டராக்கப் போறீங்களா?" என்றார். பிறகு மெதுவாக, "அங்கிட்டு மண்ணு எப்படி இருக்கு?" இப்போதெல்லாம் சாப்பிட்டாச்சா என்று யாரும் கேட்பதில்லை, இதைத்தான் கேட்கிறார்கள்.

நீலம் வாங்க மறந்தாச்சு.

சாயந்திரம் பாலைவனம் செய்தோம். கள்ளி கிடைத்தது, விரலில் முள்ளும் கிடைத்தது.

"அங்க மழையே பெய்யாதாம்மா?"

"எப்பவாவது பெய்யும்."

"அப்ப மண்ணு சரியாதுல்ல? நாம அங்க போயிரலாமா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. படத்தில் எந்த நாட்டைக் காட்டினாலும் இதே கேள்விதான்.

ஜன. 8, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. தகரக் கூரைச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை.

அடுப்படிப் பின்சுவரில் வெடிப்பு. தீபாவளிக்குப் பிறகுதான் பார்த்தேன், அப்போது நூல் மாதிரி. இப்போது நகம் போகும். தினமும் பார்க்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பெரிதாகிவிடும் போல ஒரு பயம்.

அவர் ஃபாக்டரியிலிருந்து பகலிலேயே வந்து சுண்ணாம்பு கரைத்தார். பொங்கலுக்கு வருஷா வருஷம் லயம் முழுக்க அடிப்பதுதான். ஆனால் இந்த முறை, அவரும் வெடிப்பைப் பார்த்திருக்கிறார் போல, முதலில் களிமண் பிசைந்து அதற்குள் திணித்தார். அதற்கு மேலே ரெண்டு பூச்சு.

"நாளைக்கு மண்ணு பாக்கிற ஆபிஸர்மார் வர்றாங்களாம். காலைப் பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப சொன்னாங்க."

"அப்ப வெடிப்பக் காட்ட வேணாமாங்க?"

"காட்டிட்டு? கேம்புல போய் பொங்கல் வைக்கிறியா? வீட்ட விட்டு எறங்குனா நம்மளுக்குன்னு திரும்ப இந்தக் காம்பரா கிடைக்குமா? சும்மா இரு."

கெட்ட மனுஷன் இல்லை. இந்தக் காம்பரா வீட்டுக்கு அவர் அப்பா காலத்திலிருந்து உழைப்பு. பின்னால் கோழிக்கூடு, நாலு பாத்தி லீக்ஸ். எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய.

மழையிலிருந்து பிள்ளையின் கவனத்தைத் திருப்ப, புல்வெளிப் பாடம் எடுத்தேன். புல் வேர் மண்ணைப் பிடித்து வைக்கும் என்று காட்டணும். ரெண்டு தட்டைச் சாய்த்து வைத்தோம். ஒன்றில் வெறும் மண். ஒன்றில் மானாப்புல் வேரோடு. தர்ஷினி ரெண்டுக்கும் கீழே தீப்பெட்டிகளை வரிசையாக வைத்தாள்.

"அது எதுக்குடி?"

"லயம்."

டின்னில் ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். வெறும் மண் உடனே இறங்கியது. பார்த்தாயா, புல் நிற்குது என்றேன். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். போதும் என்று சொல்லியிருக்கணும். கொஞ்ச நேரத்தில் புல்லும் மண்ணும் ஒரே கட்டியாக வழுக்கி வந்து தீப்பெட்டியை மூடிவிட்டது.

"புல்லு இருந்தும் போச்சேம்மா."

அவர் சுண்ணாம்பு மட்டையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஜன. 9, வெள்ளி

தூறல்.

ரெண்டு ஆபிஸர்மார் வந்தார்கள். லயம் முழுக்கப் புது வெள்ளை, கல்யாண வீடு மாதிரி. பெரிய ஆபிஸருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். எங்கள் அடுப்படியையும் எட்டிப் பார்த்தார். "சுவர் நல்லா இருக்கு. பிரச்சினை இல்லை." எழுதப் போனார்.

தர்ஷினி அப்பா என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன். நேற்றுச் சாயந்திரத்திலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

தோசைக் கரண்டியை எடுத்துச் சுவரைச் சுரண்டினேன். களிமண் கட்டியாக விழுந்தது. உள்ளே என் விரல் முழுக்கப் போனது, அந்தப் பக்கத்திலிருந்து குளிர்காற்று.

ஆபிஸர் வீட்டுக்குப் பின்பக்கம் ஓடினார். மேலே மண்மேட்டில் புல்லுக்குள் நீளமாக நிலம் பிளந்திருக்கிறதாம். வந்து, "இன்னைக்கே எல்லாரும் இறங்கணும்" என்றார். எங்கள் வீடு மட்டுமில்லை, லயத்தில் ஆறு வீடும்.

பக்கத்து வீட்டுச் செல்வியக்கா புதுப்பானையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். "ஒம்புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்க எங்க பொங்கல்தான் கிடைச்சுதா?"

ஜன. 12, திங்கள்

பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பு அறையில் நாலு குடும்பம். பெஞ்சுகளை அடுக்கி மறைப்பு.

மூன்று நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். ஜன்னல் வழியாக லயம் தெரிகிறது, வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல். பைப்படியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. "டீச்சரம்மா பாலைவனத்தக் கொண்டாந்துட்டாங்க" என்று யாரோ. சிரிப்பு. அவர் என்னோடு பேசியது ரெண்டே வார்த்தை, சாப்பாடு வேணாம் என்று.

தர்ஷினி மட்டும் நன்றாகத் தூங்குகிறாள். இங்கே உள்ள பிள்ளைகளைச் சேர்த்துக் கடல் பாடம் எடுத்தேன். நீலம் இல்லை. உப்புத் தண்ணீரை வைத்தே சமாளித்தோம்.

மத்தியானம் செல்வியக்கா என் காதில் விழும்படி, "விழாத மலைக்கு இந்த ஆட்டமா" என்றாள். அப்போது நினைத்தேன். மழை வரட்டும், அந்த மண் ஒரேயடியாக இறங்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும். மனதார நினைத்தேன்.

இப்போது அப்புத்தளைப் பக்கம் கறுத்து வருகிறது. "அப்பா எங்க?" என்று தர்ஷினியிடம் கேட்டேன்.

"கோழிக்குத் தீனி போட லயத்துக்குப் போனாரும்மா. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

முதல் துளி தகரத்தில்.