இரண்டு சாவிப் பூட்டு

முத்துப்பேச்சி அப்பாவுக்கு,

மில் சங்கு ஊதப் போகிறது, கிளம்புகிறேன். சோறு உறியில் இருக்கிறது. கத்தரிக்காய் வெஞ்சனம் அடுப்பு மேல். ராத்திரி வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து வந்ததும் பிள்ளையை எழுப்பி, சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

நீங்கள் கோபத்தோடு வாங்கி வந்த புதுப் பூட்டைத்தான் பூட்டுகிறேன். திருப்திதானே? உங்களிடம் ஒரு சாவி, என்னிடம் ஒன்று. தினமும் குடத்தை நிரப்பி வைப்பது நீங்கள் என்று நானும், நான் என்று நீங்களும் இத்தனை நாள் நினைத்திருக்கிறோம். பிள்ளையைக் கேட்டால், “நீதானம்மா தண்ணி எடுத்து வச்சு, எனக்குச் சடையும் பின்னி விடுற” என்கிறாள். நான் அவளுக்குப் பின்னி விட்டு மாதமாகிறது.

எனக்கும் பயந்தான். ஆனால் யாருடையதென்றே தெரியாத அந்தக் கை நின்றுபோனால் நம் இருவர் நேரத்தில் இந்த வீடு ஓடாது. அதனால்தான் பூட்டு வேண்டாம் என்றேன். இனி குழாயடிக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

பி.கு. கதவை உள்ளே தாழிட்டுத்தான் இதை எழுதினேன். இப்போது பார்த்தால் குடம் நிறைந்திருக்கிறது. தூங்குகிற பிள்ளைக்குச் சடை பின்னியிருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு சின்னாளப்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். சீட்டைப் பூட்டில் செருகியிருக்கிறேன். திறக்காமல் அங்கே வந்துவிடுங்கள்.