நான்காம் தளத்துக் கைப்பிடி

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதை, முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய். போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் ஏதாவது கேலி பேசி, உன்னைச் சிரிக்க வைத்து, போனை வைத்துவிட்டேன். காகிதம் சிரிக்காது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் கப்பல் செய்தி. நீ இறங்கிப் போனபின், தொற்று பயத்தில், பயணிகள் தாங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிடுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் விரலைக் காட்ட வேண்டும், நாங்கள் கரண்டியைப் பிடிக்க வேண்டும். ஒரு பெரியவர் பன்னிரண்டு முறை விரலைக் காட்டினார். பதின்மூன்றாவது முறை அவர் மனைவி அந்த விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கேப்டன் இப்போது யாருக்கும் கை கொடுப்பதில்லை, முழங்கையால் இடிக்கிறார். சலவை அறைக்காரர் எல்லோர் முன்னாலும் சமையற்கட்டு அம்மாளைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னாராம். கல்யாணப் பேச்சு வரை போனது அதோடு நின்றுவிட்டது.

நம் மேற்பார்வையாளர் ‘மூக்கு’ அப்படியேதான் இருக்கிறார். மருமகள் கழுவிய பாத்திரத்தை மாமியார் மோந்து பார்ப்பதுபோல் ஒவ்வொரு கைப்பிடியாகக் குனிந்து மோந்து பார்க்கிறார். என்னைத் துப்புரவுக் குழுவுக்குத் தலைவன் ஆக்கிவிட்டார். புது ஆட்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். பிளீச்சிங் தண்ணீரைத் தெளித்தால் பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும், அவசரப்பட்டுத் துடைத்தால் கிருமி சாகாது, குளித்துவிட்டுக் கிளம்பும் என்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் என் கையுறையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மனைவிக்கு ஸ்கேன் எடுத்த அன்று காலையில் நான் நாலு முறை கழிப்பறைக்குப் போனேன். மேல் கட்டிலிலிருந்து நீ எட்டிப் பார்த்து, “என்ன அத்தான், உள்ளேயே குடியிருக்கீங்க?” என்று கேட்டாய். வயசாகுது மாப்பிள்ளை என்றேன். வயசு இல்லை. பேதி. இரண்டு முறை போனாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும், நின்றபிறகும் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்பது சட்டம். ஆனால் மூக்கு தலைவனைத் தேர்ந்தெடுக்கும் வாரம் அது. அறையில் படுத்துக் கிடப்பவனை யார் தேர்ந்தெடுப்பார்கள்? பையிலிருந்த மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டேன். வழியில் டாக்டர் எதிரே வந்து வணக்கம் சொன்னார். “வயிறு நல்லாயிருக்கு சார்” என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றவன்கூட என்னைவிடக் கெட்டிக்காரன்.

வீட்டுக்குப் பேச வேண்டும், அரை மணி நேரம் உன் தளத்தைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று நீ கேட்டாய். பெரிய மனிதன்போல் போய்வா என்றேன். நான்காம் தளத்துப் படிக்கட்டில் தண்ணீரைத் தெளித்தேன். பாதியில் வயிறு கலக்கியது. ஓடினேன். திரும்பி வந்தபோது கையில் அதே கையுறை. மாற்ற அரை நிமிடம் ஆகாது, மாப்பிள்ளை. அடுத்த முறை எப்போது ஓட வேண்டியிருக்குமோ என்ற பதற்றத்தில், அதே கையுறையோடு மீதிக் கைப்பிடியைத் தெளித்தேன், தெளித்த கையோடு துடைத்தேன், லிஃப்ட் பொத்தான்களையும் துடைத்தேன். பத்து நிமிடம் விட்டதாக வேலை அட்டையில் எழுதி, உன் தளம் என்பதால் உன் ஊழியர் எண்ணைப் போட்டேன்.

இரண்டு நாளில் அந்தத் தளத்தில் முப்பத்தொரு பேர் பேதியில் படுத்தார்கள். ஒரு வயதான அம்மாள் குளியலறையில் மயங்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவள் பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தவன் நான்தான். இந்தக் கப்பலை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி, கட்டுப் போடாத கையால் என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

விசாரணையில் கேமராப் படத்தைக் காட்டினார்கள். தெளித்ததுமே துடைக்கும் ஒருவனின் முகமூடி, தொப்பி, முதுகு. அட்டையில் உன் எண். “அது நான்தான்” என்று நீ பழியை உன்மேல் போட்டுக்கொண்டாய். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நம் விஷயத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது.

வேலை போய்க் கப்பலை விட்டு இறங்கும்போது நீ சொன்னது: “நீங்க எனக்காகத்தானே அத்தான் செஞ்சீங்க. உங்களை எதுக்கு இழுத்துவிடணும்? எனக்கு வயசிருக்கு, வேற கப்பல் கிடைக்கும்.” உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாய். அதை நான் திருத்தவில்லை.

வேறு கப்பல் கிடைக்காது என்று ஏஜென்ட் கையை விரித்துவிட்டதாக உன் அக்கா நேற்று எழுதியிருந்தாள். உன் பணிச் சான்றிதழில் கப்பல்காரர்கள் எழுதிய ஒரு வரிதான் காரணமாம். அந்த வரி என்னுடையது. பிள்ளை பிறக்கும் நேரத்தில் நீ வேலை கேட்டு அலைவதாகவும், என்னிடம் சொல்ல வேண்டாம், அத்தான் வருத்தப்படுவார் என்று நீ சொன்னதாகவும் எழுதியிருந்தாள்.

விசாரித்த அதிகாரிக்கு நடந்ததை நடந்தபடி எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து நாளாகச் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. இரண்டு முறை அவர் கதவு வரை போனேன். இரண்டு முறையும் கதவின் கைப்பிடியைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். என் வீரம் அவ்வளவுதான். ஆகவே இப்படிச் செய்யப்போகிறேன். கப்பல் இப்போது துறைமுகத்தில் நிற்கிறது. இந்தக் கடிதத்தை முதலில் தபாலில் போடுவேன். போட்டபிறகு நீ படித்துவிடுவாய் என்ற பயமே என்னை அவர் அறைக்குள் தள்ளிவிடும். உன் எண்ணுக்கு நேரே என் பெயர் ஏறினால், அந்த வரியை அவர்கள் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

உன் மனைவிக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பிள்ளை உன்னைப்போல் இருக்கட்டும், இந்த அத்தானின் குணம் ஒரு துளியும் ஒட்ட வேண்டாம். இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டு. அவள் திட்டினால் தடுக்காதே, முழுவதும் திட்டட்டும். உனக்கு ஒரு வார்த்தைகூட எழுத மனம் வராவிட்டால், வெறும் தாளையாவது மடித்து என் பெயருக்கு அனுப்பு, மாப்பிள்ளை. உறையின்மேல் உன் கையெழுத்து இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியவன்