வேல்நங்கை சொன்ன வார்த்தை

அன்புள்ள உங்களுக்கு சுபாஸ்ரீ எழுதுவது. நான் சுகம். நீங்களும் அத்தையும் சுகமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை இங்கே தார்நாகாவில் தமிழ் வாசகர்கள் கூடி உங்கள் புதிய சரித்திர நாவலைப் பற்றிப் பேசினார்கள். நான் உங்கள் மனைவி என்று யாரிடமும் சொல்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குதிரைத் துரத்தலும் கோட்டை முற்றுகையும் எல்லாருக்கும் பிடித்திருந்தன. தளபதியை விட்டு அயல்தேசம் போகும் அவன் மனைவி வேல்நங்கையைத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை.

“அந்தத் துரோகிக்கு இன்னும் கொடுமையான சாவு கொடுத்திருக்கணும்” என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேல்நங்கை கிளம்பும்போது தளபதியிடம் பேசுவதை என்னோடு வேலை பார்க்கும் ஆக்னஸ் வாசித்தாள். “உங்க நிழல்லயே நின்னு என் கால் மரத்துப்போச்சு.” இந்த வேலை கிடைத்த அன்று அடுக்களையில் நான் உங்களிடம் அழுதுகொண்டே சொன்னது அது. நீங்கள் என் தலையைத் தடவி, “தைரியமா போயிட்டு வா” என்றீர்கள்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. பீரோ மேல்தட்டில் என் நீலக் கம்பளி இருக்கிறது, அனுப்புங்கள். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் எழுதுங்கள். அவள் சாகும் அத்தியாயத்தை நான் இங்கே வந்த பிறகு எழுதினீர்களா, இல்லை என்னை ரயிலேற்றிவிட வந்தபோதே எழுதி முடித்திருந்தீர்களா?

சுபாஸ்ரீ