தெற்கு கேலரிக்குக் கீழே

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ராத்திரி.

அம்மாவைப் புதைச்ச எடத்துமேலதான் இந்த ஃபுட்பால் ஸ்டேடியம் நிக்குது. கல்லறைங்களை எல்லாம் வேற எடத்துக்கு மாத்தினாங்க. அம்மாவோட மரச்சிலுவை எப்பவோ மக்கிப்போச்சு, அதனால அம்மாவை விட்டுட்டாங்க.

இன்னைக்கு நானும் அண்ணனும் அம்மா இருக்கிற பக்கமா டிக்கெட் வாங்கிக்கினு மேட்சுக்குப் போனோம். கேட்டுல செக் பண்ற பொண்ணு மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் புடுங்கி குப்பையில போட்டுச்சு. கல்லறைத் திருநாள்மான்னேன். "உள்ள போயி ஃபோன் லைட்டு அடிச்சுக்கோக்கா"ன்னுச்சு.

அண்ணன் செருப்பைக் கழட்டி வெச்சிட்டுத்தான் சீட்டுல உக்காந்துச்சு. நம்ம டீம் கோல் போட்டதும் கேலரியே எழுந்து குதிச்சுது. அண்ணனும் தன்னை மறந்து குதிச்சிடுச்சு. அடுத்த நிமிஷம் மூஞ்சி செத்துப்போச்சு. குனிஞ்சு தரையைத் தொட்டு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கினு, "அம்மாவை மிதிச்சிட்டேன்மா"ன்னுச்சு.

பக்கத்து சீட்டுப் பசங்க அதைப் பாத்துட்டு ஏதோ ராசின்னு நெனச்சிட்டாங்க. அடுத்த கோலுக்கு அந்த வரிசையே ஓங்கி ஓங்கிக் குதிச்சிட்டு, குனிஞ்சு தரையைத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிச்சு.

ஒருத்தன் அண்ணன் முதுகுல தட்டி, "செம ராசிண்ணா, இன்னொன்னு விழும் பாரு"ன்னான்.